தண்ணீர் இறங்கும் மாதங்கள்

எங்கள் பக்கம் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது உபரித் தண்ணீர் வழிந்தால், ஊரே கரைக்கு வந்துவிடும். பூ தூவி, கற்பூரம் ஏற்றி, ஆடு வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் ஏரிகள் அடுத்தடுத்து நிரம்பின. பல வருஷம் காய்ந்து கிடந்த ஏரியில் அலை அடிப்பதைப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பறவை பார்க்கிற ஆளாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏரி விளிம்புவரை தளும்பி நிற்கிற அந்த வாரங்களில் அதில் பறவை குறைவு. நடுவில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் மிதக்கும், நீர்க்காகம் முங்கி முங்கி எழும், அவ்வளவுதான். கூட்டம் வருவது பொங்கலுக்கு அப்புறம். மதகைத் திறந்து, நவரை நெல்லுக்குத் தண்ணீர் விட்டு, ஏரி இறங்கி, மேற்கே சேறு தெரிய ஆரம்பித்த பிறகுதான்.

ஏரியைப் பறவைக்காகப் பராமரிப்பது என்றால் பாதி வேலை தண்ணீரை எப்படி இறக்குகிறோம் என்பதில் இருக்கிறது. மீதிப் பாதி ஏரிக்கு மேலே, மலையடியில், யாரும் மதிக்காத முள்ளுக்காட்டில் இருக்கிறது. இரண்டையுமே இப்போது நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏரியை ஆழமாக்கு, மேட்டில் மரம் நடு. கேட்கிற எல்லாரும் தலையாட்டுகிற இந்த இரண்டு வேலைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பறவையின் காலை வைத்து ஏரியைப் பார்த்தால் இது புரியும். கொசு உள்ளான் என்று ஒன்று வரும். சிட்டுக்குருவி அளவுதான்; பொதுவாக முப்பது கிராமுக்குள் இருக்கும். வட துருவத்தை ஒட்டிய குளிர்நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வேலூர்ச் சேற்றுக்கு வந்து சேர்கிறது. அதன் காலுக்கு இரண்டு விரற்கடைத் தண்ணீருக்கு மேல் ஆகாது. பொரி உள்ளானுக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் ஆழம்வரை நடந்து மேயும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் முங்கித் தீனி எடுக்கிற சாதி இல்லை. தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டுகிற ஆழத்தில் மேய்பவை. ஓரடிக்குள் இருந்தால்தான் அவற்றுக்கு வயிறு நிறையும். நத்தைகுத்தி நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் கால் நீளமானவை என்றாலும் அவையும் நின்று தேடுபவையே. ஏரி முழுக்க ஏழெட்டு அடித் தண்ணீர் என்றால் இத்தனை பேருக்கும் அதில் இடமில்லை.

பழைய ஏரிகளை வெட்டியவர்கள் பறவையை நினைத்து வெட்டவில்லை. ஆனாலும் அந்த அமைப்பு பறவைக்குப் பொருந்திவிட்டது. எங்கள் ஏரிக்குக் கிழக்கே கரை. மதகை ஒட்டிப் பள்ளம். அங்கிருந்து மேற்கே, ஜவ்வாது மலையைப் பார்த்து, உள்வாய், அதாவது ஏரியின் உள்தரை, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். தாம்பாளத்தை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தது போல. மதகில் ஒரு சாண் தண்ணீர் குறைந்தால் மேற்கே அகலமாக ஒரு பட்டை சேறு வெளியே வரும். அடுத்த வாரம் அதற்குக் கீழே இன்னொரு பட்டை. நேற்றுவரை தண்ணீருக்குள் இருந்த புழுவும் பூச்சியும் இன்று அலகுக்கு எட்டும். இந்த விளிம்பு ஜனவரியில் தொடங்கி ஏப்ரல்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். பறவைகளும் அதன் கூடவே கீழே இறங்கும். வலசைப் பறவைகள் வடக்கே திரும்பும் முன் கொழுப்பு ஏற்றிக்கொள்வது இந்த மாதங்களில்தான். அந்த நேரத்தில் தீனி கிடைக்காவிட்டால் இமயமலைக்கு அப்பால் போய்ச் சேரத் தெம்பு இருக்காது.

மதகைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஊர் நீர்க்கட்டிப் பெரியவரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். ஷட்டரைத் திருகித் தண்ணீர் விட்டுவிட்டு, மதகுத் தூணில் ஈரம் படிந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். “சாணு சாணா தான் எறக்கணும் கண்ணு. ஒரேடியா தொறந்துட்டா முன்னாடி இருக்கிற கழனி மூழ்கிடும், கடைசில இருக்கிறவன் காவாயைப் பாத்துகினு நிப்பான்” என்றார். “கொக்கு, நாரை எல்லாம் இதுக்குத்தான் காத்திருக்கு தாத்தா” என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “அதுங்களுக்கும் தெரியும். நான் திருகு கையில எடுத்துகினு வரச்சொல்லவே மேற்கால எறங்கிடும்” என்றார். கழனிக்கு எது நியாயமோ அதுவே பறவைக்கும் நியாயமாக இருந்திருக்கிறது. நவரைப் பயிர் முறை வைத்துக் குடிக்கிற வேகமும் உள்ளான்கள் சேற்றைத் தின்று தீர்க்கிற வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதையே ஒரு தனிப் படிப்பாக வைத்துச் செய்கிற நாடும் இருக்கிறது. அமெரிக்காவில் 1903ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஃபுளோரிடாவின் பெலிகன் ஐலண்டைப் பறவைகளுக்கு ஒதுக்கினார். அங்கிருந்து தொடங்கி இன்று அந்த நாடு முழுக்க நூற்றுக்கணக்கான காட்டுயிர்ப் புகலிடங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் சதுப்பைச் சின்னச் சின்ன வரப்பு கட்டிப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மடை வைத்திருக்கிறார்கள். மடையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகை. வசந்த காலத்தில் பலகையை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரை மெதுவாக இறக்குவார்கள். ஈரச் சேற்றில் புல் முளைக்கும். கோடையில் அது கதிர் வாங்கி விதை உதிர்க்கும். இலையுதிர் காலத்தில் பலகையைத் திரும்பப் போட்டு ஓரடிக்குள் தண்ணீர் கட்டினால், வடக்கிலிருந்து வரும் வாத்துகளுக்கு விதை தயாராக மிதக்கும். அவர்கள் ஆசைப்பட்டு வளர்க்கும் புற்களில் முக்கியமானது நம் குதிரைவாலியின் சொந்தக்காரப் புல்தான்.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஏரியின் வருஷம் கண்ணுக்கு முன்னால் ஓடியது. மே மாதத்தில் உள்வாய் காய்ந்து வெடிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கே இடியோடு மாலை மழை பெய்யும். தென்மேற்குப் பருவத்தில் இந்தப் பக்கத்துக்கு வரும் மழை ஏரியை நிரப்பாது, ஆனால் மண்ணை நனைக்கும். அந்த ஈரத்தில் காட்டுக் குதிரைவாலியும் கோரையும் முழங்கால் உயரம் வந்து விதை பிடிக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவம் வந்து அதன்மேல் தண்ணீரை ஏற்றும். நவம்பரில் நீலச்சிறகி வந்து இறங்கும். அங்கே பம்பு வைத்துப் பலகை போட்டுச் செய்கிற வேலையை இங்கே இரண்டு பருவமழையும் ஒரு மதகும் செய்துவிடுகின்றன. நாம் குறுக்கே போகாமல் இருந்தால் போதும்.

பாத்தி பிரிக்கிற வேலையும் இங்கே முன்பே முடிந்திருக்கிறது. பழைய வட ஆற்காட்டில் ஏரி தனியாக இருப்பது அபூர்வம். மலையடியில் முதல் ஏரி, அது கோடி போனால் அடுத்த ஊர் ஏரிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. கடைசியில் பாலாற்றிலோ செய்யாற்றிலோ போய்ச் சேரும். மேலே இருக்கிற ஏரிகள் சின்னவை, ஆழம் குறைந்தவை, பிப்ரவரியிலேயே சேறு காட்டிவிடும். கீழே உள்ளவை பெரியவை, ஏப்ரல், மேவரை தாங்கும். காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துப் பாருங்கள். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. வாலாஜா பாலாற்று அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் அதற்கும், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி மாமண்டூர் ஏரிகளுக்கும் தண்ணீர் கொண்டுபோகின்றன. மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து கட்டிய கோயிலின் கல்வெட்டு, அது மகேந்திர தடாகத்தின் கரையில் இருக்கிறது என்றே சொல்கிறது. அந்தத் தடாகத்துக்கு வயது ஏறத்தாழ 1,400 ஆண்டுகள். இப்படிப் பெரிதும் சிறிதுமாக ஏரிகள் ஒரு பகுதி முழுக்கப் பரவியிருந்தால், எந்த மாதத்தில் பார்த்தாலும் ஏதாவது ஓர் ஏரியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் இருக்கும், ஏதாவது ஒன்றில் ஓரடி இருக்கும், ஏதாவது ஒன்றில் ஆள் உயரம் இருக்கும். ஒரு ஏரியில் தீனி தீர்ந்ததும் பறவை அடுத்த ஏரிக்குப் பறந்துவிடும். அதனால் எங்கள் ஊர் ஏரியில் மட்டும் எல்லா வசதியும் செய்துவிட வேண்டும் என்று நினைப்பதில் அர்த்தமில்லை. சங்கிலியில் அதற்கு என்ன இடமோ அதைக் காப்பாற்றினால் போதும்.

தூர் வாருவதில்தான் இந்த ஒழுங்கு உடைகிறது. 2017ல் குடிமராமத்து, அதாவது ஊர்க்காரர்களும் சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் வேலை, திரும்பத் தொடங்கியது. அதே வருஷம் ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள விதியும் தளர்ந்தது. இரண்டுமே தேவையான காரியங்கள். கரை பலப்பட வேண்டும், மதகு பழுது பார்க்க வேண்டும், வரத்துக்கால்வாய் அடைப்பு நீங்க வேண்டும். மதகடியில் சேர்ந்த வண்டலை எடுத்துக் கழனியில் போட்டால் நெல்லுக்கும் நல்லது. ஆனால் டிராக்டர் இறங்க எந்த இடம் தோதோ அந்த இடத்தில்தான் பொக்லைன் தோண்டுகிறது. மேற்கே மேடான உள்வாயில், மண் நன்றாக இருக்கிற இடத்தில், செங்குத்தாகப் பத்தடி, பதினைந்தடிப் பள்ளங்கள் விழுகின்றன. மெல்லச் சரியும் தரை போய்விட்டால் இறங்குகிற விளிம்பும் போய்விடுகிறது. தண்ணீர் நாலடி குறைந்தாலும் பள்ளத்துக்குள் மட்டும்தான் குறையும். ஒரு முழச் சேறு வெளிப்படாது. உள்ளான் நிற்க இடமில்லை, குதிரைவாலி முளைக்கத் தரையில்லை. கோடையில் நீச்சலுக்குப் போகிற பிள்ளைகள் அந்தப் பள்ளங்களில் மூழ்கிச் சாகிற செய்தியும் வருஷா வருஷம் வருகிறது. ஏரியின் கொள்ளளவைக் கூட்ட வேண்டுமென்றால் கரையோரம், மதகுப் பக்கம் கூட்டட்டும். மேற்கு உள்வாயை விட்டுவிட வேண்டும். எஸ்டிமேட் போடும்போதே எந்த எல்லைக்குள் தோண்டலாம் என்று கல் நட்டுவிட்டால் டிரைவருக்கும் சுலபம்.

நகரத்தை ஒட்டிய ஏரிகளின் கதை வேறு. சாக்கடை வந்து, ஆகாயத்தாமரை மூடி, சுற்றிலும் நடைபாதையும் விளக்கும் வந்துவிட்ட ஏரியில் சேற்றுக்கே இடமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவு ஏறிய நிலமும் நீரும் உச்ச நீதிமன்றம்வரை போய், 1996ல் மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சீமைக் கருவேலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் நிறையத் தப்பு நடக்கிற இடம் அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விறகுக்காகக் கொண்டுவந்த மரம். ஆடு மாடு காயைத் தின்னும், விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். ஏரிக்குள் ஒரு தடவை கால் ஊன்றினால் திறந்த சேறு முழுக்கப் புதராகிவிடும். அதை எடுக்கத்தான் வேண்டும். 2022ல் தமிழ்நாடு அரசு அயல் படர்தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் தரையோடு வெட்டினால் அடிக்கட்டை நாலு மடங்கு தழைக்கும். வேர் தொடங்கும் கழுத்துக்குக் கீழே வேரோடு பெயர்த்தால்தான் போகும். அதுவும் காய் பழுத்து ஆடு தின்னும் முன்னால்.

இன்னொரு சிக்கல், நாட்டுக் கருவேலமும் அதே ஏரியில்தான் நிற்கிறது. நாரையும் கொக்கும் கூடு கட்டுகிற மரம் அது. தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றாலும் சாகாது. பொக்லைன் மேலிருந்து பார்த்தால் இரண்டும் முள். கீழே இறங்கிப் பார்த்தால் துளியும் குழப்பமில்லை. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் பொட்டுப் போல உருண்டை. காய் மணி மணியாக இடுங்கி, கோத்த மாலை மாதிரி சாம்பல் நிறத்தில் தொங்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளமாக, வெளிறிய மஞ்சளில் திரிபோல் இருக்கும். காய் இடுங்காமல் நீளும், பழுத்தால் மஞ்சளாகும். எங்கள் ஊரில் சில பையன்கள் சுண்ணாம்பு வாளியோடு போய் நாட்டு மரம் ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை வளையம் போட்டார்கள். வண்டி வந்தபோது வளையம் போட்டதைத் தொடவில்லை. இதற்குச் செலவு இரண்டு வாளிச் சுண்ணாம்பு. மொத்தச் சீமைக் கருவேலத்தையும் ஒரே கோடையில் எடுத்துவிடவும் கூடாது. கூடு இருக்கிற மரத்தைக் குஞ்சு பறந்த பிறகு எடுக்கலாம், பக்கத்தில் நட்ட நாட்டு மரம் எழும்பும்வரை ஒரு மூலையை விட்டுவைக்கலாம்.

இனி மேட்டுக்கு வருகிறேன். ஏரியின் மேற்கு எல்லை முடிகிற இடத்தில் கல்லும் சரளையுமாக ஒரு சரிவு. அங்கங்கே துரிஞ்சி, வெள்வேல், காரை, களா, சூரை. இடையில் குட்டைப் புல். அதற்கு மேலே பாறைக் குன்று, அப்புறம் காப்புக்காடு. வருவாய்க் கணக்கில் இந்தச் சரிவுக்குப் பெயர் தரிசு, மேய்க்கால் புறம்போக்கு. காலியாகக் கிடக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

மே மாத மத்தியானம் அங்கே ஒரு துரிஞ்சி நிழலில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. சிவப்பு மூக்கு ஆள்காட்டி ஒன்று சரளையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. உட்காரவில்லை, கால் விரித்து நின்றபடி கீழே நிழல் கொடுத்தது. இன்னொன்று ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரோரம் இறங்கி, மார்பையும் வயிற்றையும் தண்ணீரில் அழுத்திக் குந்தி எழுந்தது, மறுபடி குந்தியது. பிறகு பறந்து வந்தது. முதலாவது விலகியபோதுதான் முட்டை தெரிந்தது. நான்கு. சரளைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி, கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. வந்த பறவை ஈர வயிற்றோடு அதன்மேல் அமர்ந்தது. முட்டை வெந்துவிடாமல் இருக்க ஏரித் தண்ணீரை இறகில் நனைத்துக் கொண்டுவருகிறது. குஞ்சு பொரிந்ததும், தாய் பின்னால் நடந்து அதே ஏரிச் சேற்றுக்குத்தான் வரும். இந்தப் பறவைக்கு ஏரி வேறு மேடு வேறு கிடையாது. இரண்டுக்கும் நடுவே பறக்கிற தூரம் கூடினால் முட்டை அவியும். சேறு இருந்து சரளை இல்லாவிட்டால் முட்டை வைக்கவே இடமில்லை.

அந்தச் சரிவில்தான் மரம் நடக் குழி தோண்டினார்கள். வரிசை வரிசையாக, அளவெடுத்து. ஆடு மேய்க்கிற அக்கா ஒருவர் அந்தப் பக்கமே பிறந்து வளர்ந்தவர். அவர் சொன்னார்: “நோண்டிட்டு, செடி வெச்சிட்டு, போட்டோ புடிச்சிகினு போய்ட்டாங்க. தண்ணி ஊத்த ஆளில்ல. செடி காஞ்சி போச்சி. குழில விழுந்து என் குட்டி காலொடிஞ்சிது. கெவுதாரி முட்ட வெச்ச எடமும் போச்சி.” ஆட்டுக்காரரைக் காட்டுக்கு எதிரி என்று சொல்வது வழக்கம். அந்த அக்கா எந்தப் பக்கம் எப்போது ஓட்டினார், எந்தப் பக்கத்தை விட்டுவைத்தார் என்று கேட்டால், அதில் ஒரு முறை இருக்கிறது. மழைக்குப் பின் புல் கதிர் விடும்வரை மேல்சரிவுக்குப் போகமாட்டார். ஏரி காய்ந்ததும் உள்வாயில் மேய்ப்பார். மேயாமல் விட்ட இடத்தில் புல் உயர்ந்து, பிறகு காய்ந்து, தீக்கு விறகாகிறது. அதிகம் மேய்ந்த இடத்தில் மண் வெறிச்சிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் குட்டைப் புல்லாக இருக்கிற இடத்தில்தான் மஞ்சள் மூக்கு ஆள்காட்டியும் வானம்பாடியும் இருக்கின்றன. அவரை வேலி போட்டுத் துரத்துவதைவிட, எந்தத் துண்டில் எந்த மாதம் என்று அவரோடு உட்கார்ந்து பேசுவது பலன் தரும்.

முள்ளுக்காட்டை மதிப்பதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். புல்லும் புதரும் மூடிய சரிவில் மழை விழுந்தால் வேகம் குறைந்து, தெளிந்து, கானாற்றில் இறங்கி ஏரிக்கு வரும். அதே சரிவு எரிந்து கிடந்தால் முதல் மழையே மண்ணை உள்வாயில் கொண்டுவந்து கொட்டும். அப்புறம் அதைத் தூர் வாரக் காசு தேட வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை வேலூரிலிருந்து பார்த்தாலே பாலமதி மலையில் புகை தெரிகிற நாட்கள் உண்டு. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைக்கிற தீ, அணைக்காமல் போட்ட பீடி, எல்லாம் சேர்ந்து. வனத்துறை தீத்தடுப்புக் கோடு போடுகிறது. அது காப்புக்காட்டு எல்லையோடு நின்றுவிடும். அடுத்தடுத்த வருஷம் எரிந்தால் துரிஞ்சிக் கன்று தலையெடுக்காது, உண்ணிச்செடி மட்டும் முந்திக்கொள்ளும். அமெரிக்கப் புகலிடங்களில் தாங்களே திட்டமிட்டுப் புல்வெளிக்குத் தீ வைக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு இங்கேயும் கொளுத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே ஒரு வருஷத்துக்கு ஒரு துண்டு என்று சுற்றில் வைத்து, காற்றும் ஈரமும் பார்த்து, ஆட்களோடு நின்று எரிக்கிறார்கள். இங்கே ஏற்கெனவே தீ அதிகம். எங்களுக்கு வேண்டியது எரியாத வருஷங்கள்.

கோடையில் புள்ளிமான் தண்ணீர் தேடி ஊருக்குள் வந்து நாய் கடித்துச் செத்தது, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தது என்று இந்தப் பக்கத்துச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். காட்டுக்குள் தொட்டி கட்டி லாரியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஊற்றட்டும். மலையடி ஏரியில் மதகடிப் பள்ளத்தில் மட்டும் ஜூன்வரை ஒரு முழம் தண்ணீர் இருந்தால் மான் அங்கேயே குடித்துவிட்டு இருட்டோடு திரும்பிவிடும். அமிர்திக் காட்டை ஒட்டிய கிராமங்களில் இதை நேரிலேயே பார்க்கலாம். கானாறுகளில் நூறு நாள் வேலையில் பெண்கள் கல்தடுப்பும் உறைகிணறும் கட்டி நாகநதிப் பக்கம் நிலத்தடி நீரை மீட்டதையும் சொல்ல வேண்டும். தண்ணீரை மலையிலேயே நடக்க வைத்த வேலை அது. தடுப்பை உயரமாகக் கட்டிக் கீழ் ஏரியைப் பட்டினி போடாதவரை அது நல்ல வேலை.

பழைய வட ஆற்காட்டில் பறவைகள் சரணாலயம் என்று பலகை வைத்த ஏரி கிடையாது. வேடந்தாங்கலைச் சொல்லிக் கேட்பார்கள். அங்கே 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, பறவையைச் சுடக் கூடாது என்று கவுல், அதாவது எழுத்து உறுதி, வாங்கினார்கள். 1858ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் கழனிக்கு உரம் என்பது அவர்களுக்குக் கண்கூடு. 2022ல் அது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. ஆனால் வேடந்தாங்கல் கூடு கட்டுகிற ஏரி. மரத்தடியில் தண்ணீர் நின்றால்தான் நாரைக் குஞ்சு பிழைக்கும். அங்கே தண்ணீரைத் தாங்க வைப்பதுதான் வேலை. எங்கள் ஏரிகள் பெரும்பாலும் தீனி ஏரிகள். வேடந்தாங்கலைப் பார்த்துக் காப்பியடித்து எல்லா ஏரியிலும் திட்டு போட்டு மரம் நட்டுத் தண்ணீரை நிறுத்தினால் உள்ளானுக்கும் வாத்துக்கும் கதவை அடைத்ததாகும்.

நடைமுறையில் பெரிய தடை, யார் பொறுப்பு என்பது. 100 ஏக்கருக்குள் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையது. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. சரளைச் சரிவு வருவாய்த் துறை. குன்று வனத்துறை. மீன் தனியாகக் குத்தகைக்குப் போகிறது. ஆள்காட்டி ஒரு நாளில் இந்த அலுவலகங்கள் எல்லாவற்றின் எல்லையையும் கடந்துவிடுகிறது. ஒரு மனு கடக்க வருஷக்கணக்காகிறது.

இதில் உடனே கை வைக்கக்கூடியது மீன் குத்தகைதான். குத்தகை பசலி என்கிற வருவாய் ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது. ஜூன் 30ல் பசலி முடியும். கடைசி மாதங்களில் குத்தகைதாரர் இன்ஜின் வைத்து மிச்சத் தண்ணீரையும் இறைத்து, வலைக்குத் தப்பிய கெளுத்திவரை அள்ளிவிடுவார். அவர் பணம் கட்டியிருக்கிறார், அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் ஆள்காட்டி முட்டையின்மேல் நிற்பதும், மான் இறங்கி வருவதும் அதே மே, ஜூனில். நீர்க்காகத்தை விரட்ட வெடி போடுவது ஜனவரியில். வாத்துக் கூட்டம் மொத்தமும் எழுந்து போய்விடும், வெடிச் சத்தத்துக்கு எது நீர்க்காகம் எது நீலச்சிறகி என்று தெரியாது.

ஆகவே மே 1 கிராம சபைக்கு மூன்று வரியில் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். மதகடிப் பள்ளத்தில் ஒரு முழத் தண்ணீரை இறைக்கக் கூடாது, அந்த அளவு மதகுத் தூணில் பெயின்டால் குறிக்கப்படும். வெடி கூடாது, வேண்டுமானால் மீன்குஞ்சு விடுகிற இடத்தில் மட்டும் வலை கட்டிக்கொள்ளலாம். மேற்கு உள்வாயில் நட்ட கல்லுக்கு அப்பால் மண் எடுக்க அனுமதிச் சீட்டு கொடுக்கக் கூடாது. அடுத்த பசலிக்கான ஏலம் வருமுன் இது தீர்மான நோட்டில் ஏறினால் குத்தகை நிபந்தனையில் சேர்த்துவிடலாம் என்று ஊராட்சிச் செயலர் சொல்லியிருக்கிறார். நீர்க்கட்டித் தாத்தா முதல் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார். ஆட்டுக்கார அக்கா நான்காவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டோம்: சரிவில் புதுக் குழி தோண்டும் முன் மேய்க்கிறவர்களைக் கேட்க வேண்டும்.